கோணல் ஓவனும் கோடு போட்ட குவளையும்

எங்கள் கல்லூரி விடுதியின் மூன்றாம் தளத்தில், துணி துவைக்கும் அறைக்கு எதிரே, அந்தத் தளத்தில் தங்கியிருக்கும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை இருக்கிறது. இரண்டு அடுப்புகள், ஓர் ஓவன், கதவு முழுதாகச் சாத்தாத ஒரு குளிர்பதனப் பெட்டி, யாருடையவை என்று யாருக்கும் தெரியாத சில பாத்திரங்கள் ஆகியவையே அதன் மொத்தச் சொத்து. தராசு, அளவுக் கோப்பை, முட்டை அடிக்கும் கருவி என்று எதுவும் அங்கே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் கேக் செய்ய வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்றால், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பாடம் படிப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் இனிமையாகத் தெரியும் என்பதே உண்மையான காரணம்.

பெரிய கேக்கை விட்டுவிட்டுக் கப்கேக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் கொஞ்சம் யோசனை இருந்தது. பெரிய கேக் வேகும்வரை முக்கால் மணி நேரம் ஓவனைப் பிடித்து வைத்துக்கொண்டால், வெளியே காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது; கப்கேக் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். வெட்டக் கத்தியும் வேண்டாம், பரிமாறத் தட்டும் வேண்டாம். இவற்றைவிட அதன் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதைதான் என்னை அதிகம் ஈர்த்தது. 1796இல் அமெரிக்காவில் அச்சான ஒரு சமையல் நூலிலேயே சிறு கோப்பைகளில் சுடும் கேக்குக்குக் குறிப்பு இருக்கிறது. 1828இல் வந்த இன்னொரு நூலில் கப்கேக் என்ற பெயரே இடம்பெற்றுவிட்டது. கோப்பையில் சுடுவதால் அந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். தராசில் நிறுக்காமல் கோப்பையால் அளந்து செய்ததால் அந்தப் பெயர் என்பது மற்றொன்று. ஒரு கோப்பை வெண்ணெய், இரண்டு கோப்பை சர்க்கரை, மூன்று கோப்பை மாவு, நான்கு முட்டை என்று குழந்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரு பழைய கணக்கு உண்டு. தராசில்லாத சமையலறைக்கென்றே பிறந்த பண்டம் இது என்று மகிழ்ந்து, அந்தக் கணக்கைப் பாதியாக்கி, மேசையில் இருந்த என் காப்பிக் குவளையைக் கையில் எடுத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

கணக்கில் வரும் கோப்பை என்பது ஏறத்தாழ 240 மில்லிலிட்டர். என் குவளை 350 மில்லிலிட்டர் பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே குவளையால் அளந்தால் விகிதம் மாறாது, ஆகவே குவளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை என்று நான் நினைத்திருந்தேன். மாவுக்கும் சர்க்கரைக்கும் பாலுக்கும் அது சரிதான். ஆனால் முட்டை குவளைக்குத் தகுந்தாற்போல் பெரிதாவதில்லை. மாவு ஒன்றரை மடங்காகிவிட, முட்டை இரண்டாகவே நின்றது. பேக்கிங் பவுடரும் ஒன்றரைத் தேக்கரண்டியாகவே நின்றது. கலவை பன்னிரண்டு குழிகளில் கொள்ளாமல் மிஞ்சியபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீணாக்க மனமில்லாமல் ஒவ்வொரு குழியையும் விளிம்புவரை நிரப்பினேன். அது சூட்டில் இளகி வழிந்து, ஓவனின் அடித்தட்டில் சொட்டிக் கருகி, புகை எச்சரிக்கை மணியை எழுப்பிவிட்டது. இரவு பத்தரை மணிக்குத் தளம் முழுவதும் படிக்கட்டில் வந்து நின்ற காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை. மிஞ்சிய கேக்கைக் கடித்தபோது அது வாயில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது என்று சொன்னால் போதும்.

இரண்டாம் முறைக்கு முன்பாக, முட்டைக்கு ஏற்றபடி குவளையைச் சரிசெய்தேன். மாற்ற முடியாத முட்டையே இந்தச் சமையலில் படிக்கல். மற்ற எல்லாம் அதற்கு எதிரே நிறுக்கப்பட வேண்டியவை. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்து, அதிலிருந்த நீரை ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சம உயரத்துக்கு ஊற்றி, ஒரு தம்ளரில் இருந்ததைக் குவளைக்கு மாற்றினேன். நீர் நின்ற உயரத்தில் வெளிப்புறமாக நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். அந்தக் கோடு 250 மில்லிலிட்டர். கணக்குக் கோப்பையைவிடப் பத்து மில்லிலிட்டர் கூடுதலாக இருப்பது கேக்குக்கு உறைக்காது. வெண்ணெய்க்கு இந்தப் பாடுகூடத் தேவையில்லை, ஏனென்றால் பொட்டலத்தின் மேலேயே எடை அச்சிட்டிருக்கிறது; அரைக் கோப்பை என்பது ஏறக்குறைய 115 கிராம், அதாவது 200 கிராம் பொட்டலத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

மாவை அளப்பதில் மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குவளையை மாவுப் பையில் நேராக விட்டு அள்ளினால் மாவு அழுந்தி இறுகி, ஒரு கோப்பை 150 கிராம்வரை போய்விடும். கரண்டியால் மெதுவாகத் தூவி நிரப்பி, மேலே குவிந்ததை வழித்துவிட்டால் அதே கோப்பை 120 கிராம் அளவில் நிற்கும். இந்த வித்தியாசம் பஞ்சு போன்ற கேக்கையும் செங்கல் போன்ற கேக்கையும் பிரிக்கப் போதுமானது. கோடு குவளையின் நடுவில் இருப்பதால் என்னால் மேலே வழிக்க முடியவில்லை. தூவி, குவளையை உலுக்காமல், கோட்டைத் தொட்டவுடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக, பன்னிரண்டு கப்கேக்குக்கு நான் கொள்ளும் அளவு இதுதான்: வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை ஒரு கோப்பை, மைதா ஒன்றரைக் கோப்பை, முட்டை இரண்டு, பால் அரைக் கோப்பை, பேக்கிங் பவுடர் தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வனிலா.

இனி ஓவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி உண்டு; எங்கள் விடுதியிலோ கூடம் உண்மையிலேயே கோணல். ஓவனின் பின்பக்க இடது கால் உடைந்திருப்பதால் உள்ளே வைக்கும் தட்டு அந்தப் பக்கமாகச் சரிந்து நிற்கிறது. இரண்டாம் முறை சுட்ட பன்னிரண்டும் ஒரே திசையில் தலை சாய்த்து, ஏதோ ரகசியம் கேட்பதுபோல் நின்றன. சரிவாவது கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு தேக்கரண்டியின் காம்பைத் தட்டின் கீழே செருகினால் சமாளித்துவிடலாம். சூட்டைத்தான் கண்ணால் பார்க்க முடியாது. திருகில் 175 என்று வைத்திருந்தும் கேக்கின் ஓரங்கள் பத்தே நிமிடத்தில் கருஞ்சிவப்பாகி, நடுப்பகுதி மட்டும் எரிமலைபோல் பிளந்துகொண்டு மேலே வந்தது. மேலோடு முதலில் இறுகிவிட, உள்ளே இன்னும் இளகியிருக்கும் கலவை பிறகு பொங்கி அதைப் பிளப்பதால் வரும் கோலம் அது. ஓவன் அளவுக்கு மேல் சுடுகிறது என்று அர்த்தம்.

பக்கத்து அறையில் வேதியியல் படிக்கும் அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, “சர்க்கரையை வைத்துப் பாரேன்” என்றார். சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால், அதையே வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய யோசனை. அலுமினியத் தாளைச் சிறு கிண்ணமாக மடித்து, அதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைப் போட்டு, நன்றாகச் சூடேறிய ஓவனில் கால் மணி நேரம் வைத்தோம். திருகு 175இல் நின்றபோது சர்க்கரை முழுவதும் தேன் நிறத்தில் பாகாகிவிட்டது. 165இல் ஓரங்கள் மட்டும் நீர்த்தன. 155இல் படிகங்கள் வைத்தது வைத்தபடி வெள்ளையாகவே இருந்தன. கப்கேக்குக்கு வேண்டியது 175இலிருந்து 180க்குள். எங்கள் ஓவனின் மொழியில் அது 160ஐ ஒட்டி எங்கேயோ இருக்கிறது. நாலு தேக்கரண்டி சர்க்கரைகூடச் செலவாகவில்லை.

கலக்கும் வேலையில் இயந்திரம் இல்லாத குறையைத் தோள்தான் உணர்ந்தது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைப்பதை வெறும் கலத்தல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சர்க்கரைப் படிகங்களின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றைக் குமிழ்களாக உள்ளே அடைக்கும் வேலை அது. பிறகு சேர்க்கும் பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழ்களை வாயுவால் ஊதிப் பெரிதாக்குகிறது. ஆகவே இங்கே சோம்பினால் பவுடரை அள்ளிக் கொட்டினாலும் ஈடுகட்ட முடியாது. வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், ஆனால் எண்ணெய்ப் பளபளப்பு வந்துவிடக் கூடாது. உருகிய வெண்ணெயில் காற்று தங்காது. மரக்கரண்டியை நானும் என் அறைத்தோழியும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் அடித்தோம். மஞ்சளாக இருந்தது மெல்ல வெளுத்து, தந்த நிறத்துக்கு வந்து, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் கரண்டியோடு சேர்ந்து எழும்பியபோது, கையால் இதைச் செய்ய முடியும் என்பதை நாங்களே நம்பவில்லை.

முட்டையைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உடைத்து ஊற்றினால், அதுவரை பட்ட பாடு வீணாகும். குளிர்ச்சியில் வெண்ணெய் இறுகி, கலவை தயிர் திரிந்ததுபோல் பிரிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் முட்டையை ஓட்டோடு போட்டுவைத்து, ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது. மாவைச் சேர்த்த பிறகோ இதற்கு நேர்மாறான ஒழுக்கம் வேண்டும்: கை நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஈரம் பட்ட மைதாவைக் கிளறக் கிளற அதிலுள்ள புரதம் இழைகளாக இறுகி, கேக்கை ரப்பராக்கிவிடும். மாவையும் பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கரண்டியை வைத்துவிட வேண்டும். சிறு கட்டிகள் சில தெரிந்தால் தெரியட்டும்.

குழியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை என்பதை என் முதல் இரவு எனக்குக் கற்றுத் தந்துவிட்டது. முதல் பன்னிரண்டு நிமிடம் கதவைத் திறப்பதில்லை. பிறகு தட்டை ஒருமுறை திருப்பிவைத்து, பதினெட்டாம் நிமிடத்தில் குத்திப் பார்க்கிறேன். குத்துவதற்குப் பல்குச்சி இல்லாததால் வேகாத ஸ்பகெட்டி இழை ஒன்றை ஒடித்துக்கொள்கிறேன், அதுவே போதும். ஈரமான மாவு ஒட்டாமல் வந்தால் வெளியே எடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் குழிகளிலிருந்து பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அடியில் நீராவி தங்கிக் காகிதம் சொதசொதவென்று ஊறிவிடும்.

எங்கள் தளத்தில் முட்டை சாப்பிடாதவர் இருவர் இருப்பதால் மறுவாரம் அவர்களுக்காகத் தனியாக ஒரு தட்டுச் செய்தேன். 1843இல் இங்கிலாந்தில் ஆல்பிரெட் பேர்ட் என்ற மருந்தாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடர் ஒன்றை உருவாக்கினார் என்று படித்திருந்ததால், ஒருவருக்கு ஒத்துவராததைச் சுற்றி வழி தேடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல என்று தைரியம் வந்தது. ஒன்றரைக் கோப்பை மைதா, ஒரு கோப்பை சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றோடு ஒரு கோப்பை தண்ணீர், கால் கோப்பைக்குச் சற்று மேலாக எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்துக் கலக்கினால் ஆயிற்று. சோடாவும் வினிகரும் சந்தித்த கணத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும் என்பதால் ஓவனை முன்பே சூடாக்கி வைத்திருப்பது அவசியம். தோள்வலி இல்லாத இந்தக் கேக், வெண்ணெய்க் கேக்கைவிட ஈரமாகவும் மென்மையாகவும் வந்ததில் எனக்குச் சற்றே வருத்தம்.

ஐசிங் விஷயத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எடையில் ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு பொடித்த சர்க்கரை சேர்த்துக் குழைத்து, பிளாஸ்டிக் பையின் ஒரு மூலையை வெட்டிப் பிழிந்தால் முடிந்தது. கேக் முழுதாக ஆறும்வரை பொறுக்காவிட்டால் எல்லாம் உருகிக் காகிதத்தில் வழியும். மிஞ்சும் கேக்கை ஐசிங் போடாமல் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அறையிலேயே இரண்டு நாள் வைத்திருக்கிறேன். குளிரில் மாவுச்சத்து விரைவாக இறுகிக் கேக் வறண்டுவிடும் என்பது குளிர்பதனப் பெட்டியைத் தவிர்ப்பதற்கு நான் சொல்லும் காரணம். பெயர் எழுதி ஒட்டிய டப்பாவும் அங்கே காலியாகிவிடும் என்பது சொல்லாத காரணம்.

போன வாரம் ஒரு துண்டுக் காகிதத்தில், “கேக்குக்குத் திருகை 160இல் வைக்கவும், பன்னிரண்டாம் நிமிடத்தில் தட்டைத் திருப்பவும்” என்று எழுதி ஓவன் கதவுக்கு மேலே ஒட்டிவைத்தேன். நேற்றுப் பார்த்தபோது அதன் கீழே வேறு யாரோ பச்சை மையில், “பின்வரிசை இடது ஓரத்தை இரண்டு நிமிடம் முன்னதாக எடுக்கவும்” என்று எழுதியிருந்தார்கள். இன்று அப்படியே செய்து பார்த்தேன். அந்த மூலைக் கேக் முதன்முறையாகக் கருகாமல் வந்தது.