பத்தேகால் மணிப் பாராட்டு

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில், திசுக்களை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் துறையில் நிர்வாகப் பணிக்கு நான் சேர்ந்தபோது, பழைய அலுவலர் ஒருவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன கோப்புகளில் 'பாராட்டு' என்று எழுதப்பட்ட ஒன்றும் இருந்தது. ஆண்டுக்கொரு முறை துறைப் பணியாளர்களின் சாதனைகளைத் தொகுத்து, சான்றிதழ் அச்சிட்டு, சாப்பாட்டுக்குச் சொல்லி, துறைத்தலைவர் பேசுவதற்கான குறிப்பையும் எழுதிக்கொடுக்க வேண்டும். கோப்பைப் புரட்டிப் பார்த்தபோது இது எளிய வேலை என்றே நினைத்தேன். உணவுக்குத்தான் கவனம் தேவை, ஹலால் தட்டும் சைவத் தட்டும் கரண்டியோடு தனித்தனியாக இருக்க வேண்டும், மற்றபடி பட்டியல் தானாக வந்து சேரும் என்று அந்த அலுவலரும் சொல்லியிருந்தார்.

பட்டியலில் பாதி உண்மையிலேயே தானாக வந்தது. ஆய்வுக்கட்டுரை வெளியான பேராசிரியர்கள், ஆய்வு நிதி பெற்றவர்கள், பதவி உயர்வு பெற்றவர்கள், மாணவர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த ஆசிரியர், லண்டன் ராயல் கல்லூரியின் தேர்வில் தேறிய பயிற்சி மருத்துவர்கள் ஆகியோரின் விவரங்கள், நான் மின்னஞ்சல் அனுப்பிய இரண்டு நாளுக்குள் தேதி, இதழின் பெயர், தொகை எல்லாவற்றோடும் வந்துவிடும். திசு ஆய்வகத்திலிருந்து மட்டும் முதல் மூன்று ஆண்டுகளும் ஒரே பதில்தான் வந்தது: 'இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை.' அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பணிக்காலம் நிறைவு செய்தோர் என்ற தலைப்பின் கீழ் ஆய்வகத்தாரின் பெயர்களை வரிசையாகப் போட்டு, பட்டியலைச் சமன் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தலைப்பில்தான் தவறு நடந்தது. திசு ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளை நிறைவு செய்த தமிழர் ஒருவர் இருந்தார். சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ என்று யாராக இருந்தாலும் அவரை 'அண்ணன்' என்றே அழைப்பார்கள். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். தேசிய தின விருதுகளில் 25 ஆண்டுப் பணிக்குத் தரப்படும் நீண்டகாலச் சேவைப் பதக்கம் என்றால் அதற்குப் பல மேசைகளில் சரிபார்ப்பு உண்டு. துறை அளவிலான சான்றிதழுக்கு நானும் என் கணினியும்தான். நம்மவர்களின் அடையாள அட்டையில் பெயருக்குப் பின், இன்னாரின் மகன் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எஸ்/ஓ' என்றும் அதன் பின் தந்தையின் பெயரும் இருப்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கணினிக்கு அது தெரியவில்லை. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, 'திரு' என்பதற்குப் பின் அண்ணனின் தந்தை பெயரை மட்டும் அழகாக அச்சிட்டுத் தள்ளியது. தமிழச்சியான நான் அதைக் கவனிக்காமல் சட்டமிட்டு மேசைமேல் அடுக்கிவைத்தேன்.

துறைத்தலைவர் பெயரைப் படித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை படித்த பிறகு கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து வந்து, வாங்கிக்கொண்டு, கைகுலுக்கிப் படத்துக்கும் நின்றார். நிகழ்ச்சி முடிந்ததும் நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டத்தைக் கையில் பிடித்தபடி சிரித்தார். "இருக்கட்டும்மா. எங்கப்பா செம்பவாங் கடற்படைத் தளத்துல காலமெல்லாம் வேலை பார்த்தாரு. அவருக்கு யாரும் ஒரு தாள்கூடக் கொடுத்ததில்ல. இது அவருக்கே இருக்கட்டும், எனக்கு நீ வேற ஒண்ணு அடிச்சுக் குடு" என்றார். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அன்று அவர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். மணி ஆறாகப் போகிறது, காலை ஆறரைக்கு வந்தவன் நான், வீட்டுக்காரி இரண்டு தடவை போன் போட்டுவிட்டாள் என்றார். எங்கள் நிகழ்ச்சி வழக்கமாக மாலை ஐந்து மணிக்கு நடக்கும். அலுவலக நேரம் முடிந்து எல்லாரும் வர வசதியான நேரம் என்று கோப்பிலேயே எழுதியிருந்தது. அந்த 'எல்லாரும்' யார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஆண்டுக்காண்டு பேராசிரியர்களும் பயிற்சி மருத்துவர்களும் அலுவலகத்தாரும் நிறைந்திருந்தார்கள். ஆய்வகத்திலிருந்து வந்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம், அவர்களிலும் பாதிப் பேர் பை தோளில் தொங்க நின்றார்கள்.

"ஒரு நாள் காலையில வந்து பாரு, அப்பத்தான் உனக்கு விளங்கும்" என்று அவர் அழைத்ததன் பேரில், அடுத்த வாரம் ஏழு மணிக்கு ஆய்வகத்துக்குப் போனேன். அறுவை அறையிலிருந்து வரும் திசு ஃபார்மலினில் ஊறி, உரிய துண்டுகளாக வெட்டப்பட்டுச் சிறு பிளாஸ்டிக் கூடுகளில் அடைக்கப்பட்டு, இரவு முழுவதும் எந்திரத்துக்குள் ஆல்கஹாலிலும் சைலீன் என்னும் கரைப்பானிலும் உருகிய மெழுகிலும் மாறி மாறிக் கிடக்கிறது. விடிந்ததும் அதை மெழுகுக் கட்டியாக வார்த்து, குளிர்வித்து, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் பொருத்துகிறார்கள். அண்ணன் வலக்கையால் சக்கரத்தைச் சுழற்ற, கத்தியின் விளிம்பிலிருந்து மெழுகு ஒரு நாடாவாக இறங்கியது. ஒவ்வொரு சீவலும் ஏறத்தாழ நான்கு மைக்ரான் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவே ஏழு மைக்ரான்தான். ஈரத் தூரிகையால் நாடாவின் நுனியைத் தூக்கி, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியின் மேல் அவர் பரப்பியபோது, சுருக்கமெல்லாம் தானே விரிந்து, தண்ணீரில் பாலாடை மிதப்பது போல மிதந்தது. "மூச்சை மெல்ல விடும்மா, பறந்துடும்" என்றார். பிறகு கண்ணாடி ஸ்லைடைத் தண்ணீருக்குள் சாய்த்து நுழைத்து, ஒரே எடுப்பில் அதை ஏந்திக்கொண்டார்.

நான் பார்த்து வியந்தது அந்த லாவகத்தை. அவர் காட்ட நினைத்தது வேறு. ஒரு நோயாளியின் சீவல்கள் முடிந்ததும், அடுத்த கட்டியைத் தொடும் முன் அவர் மெல்லிய தாளால் நீரின் பரப்பை இழுத்துத் துடைத்தார். கண்ணுக்கு அங்கே எதுவுமே தெரியவில்லை. துடைக்காவிட்டால் முந்தைய திசுவின் ஒரு துணுக்கு மிதந்துவந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆய்வகத்தில் அதற்கு 'ஃப்ளோட்டர்' என்று பெயர். ஒட்டியது புற்றுநோய்த் துணுக்கானால், நோயில்லாத ஒருவரின் ஸ்லைடில் நோய் தெரியும். நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மேலும் சீவ வேண்டும், நிறமேற்ற வேண்டும், நோயாளி காத்திருக்க வேண்டும். "முப்பது வருசத்துல எத்தனை தடவை துடைச்சிருப்பேன்னு கணக்கு வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கட்டியை எடுத்தார். 'சொல்லும்படி ஒன்றுமில்லை' என்று வந்த பதிலை நான் எவ்வளவு தவறாகப் படித்திருந்தேன் என்பது அங்கேதான் உறைத்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவர்கள் செய்திருந்த வேலை.

இதற்குப் பிறகு பட்டியலைத் திருத்த முற்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. நடக்காத ஒன்றைச் சாதனை என்று எப்படி எழுதுவது? பல மருத்துவமனைகளில் வழக்கத்தில் இருக்கும் ஒரு முறையைப் பின்பற்றலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். தவறு நோயாளியைச் சென்றடையும் முன் தடுத்தவரை அழைத்துப் பாராட்டும் முறை அது. அந்த ஆண்டு அதற்கேற்ற நிகழ்வும் இருந்தது. இளம் தொழில்நுட்பர் ஒருவர், நிறமேற்றி முடித்த ஸ்லைடை அதன் மெழுகுக் கட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். எண் சரியாகவே இருந்தது. திசுவின் வெளிக்கோடு மட்டும் பொருந்தவில்லை. கட்டியில் இருந்தது நீளவாக்கில், ஸ்லைடில் இருந்தது வட்டமாக. அவர் வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட, அடுத்தடுத்த இரண்டு கட்டிகளின் சீவல்கள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. இரண்டு பேரின் முடிவுகள் மாறிப் போகாமல் அங்கேயே நின்றன.

இதை மேடையில் சொல்லலாம் என்று நான் உற்சாகமாகச் சொன்னதும், மேற்பார்வையாளரான மலாய் அம்மையார், நாங்கள் 'காக்' (மலாயில் அக்கா) என்று அழைப்பவர், தலையை அசைத்தார். பிடித்தவர் பெயரைச் சொன்னால், விட்டவர் யார் என்று சாப்பாட்டு வரிசையிலேயே கேட்பார்கள். அப்புறம் அடுத்த முறை யாரும் கையைத் தூக்கித் தவற்றைச் சொல்ல மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதற்கு மறுப்பில்லை. கடைசியில் அந்த இளம் பெண்ணிடமே கேட்டோம். தன் பெயர் வேண்டாம், கட்டியையும் ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிந்தது என்பதை மட்டும் படியுங்கள் என்றார். அப்படியே படித்தோம். ஆய்வகத்தார் அனைவருக்கும் அது யாரென்று தெரியும் என்பதால் கைத்தட்டல் அவர் இருந்த திசைக்கே போனது. ஆனாலும் எனக்கு இதில் முழு நிறைவு இல்லை. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் திசைக்கு இடமில்லை, பெயருக்குத்தான் இடம். ஆய்வுக்கட்டுரை எழுதியவருக்கு அது பதவி உயர்வில் எண்ணப்படும். இந்தப் பெண்ணுக்கு எண்ணப்பட்டதா என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் நிகழ்ச்சியில் தொடக்கமாகச் சில பழைய படங்களைக் காட்டுவது வழக்கம். அவற்றில் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினத்தின் படம் தவறாமல் இருக்கும். 1921இல் பிறந்து 2018இல் மறைந்த அவர், சிங்கப்பூர் நோய்க்குறியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். தொண்டையின் மேற்பகுதியில், மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் பற்றிய அவரது ஆய்வுகள் உலகறிந்தவை. இளையவர்களுக்கு அவரை அதிபர் தர்மனின் தந்தை என்று அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது, அது வேறு கதை. நான் குறிப்பில் சேர்த்தது, 1967இல் அவர் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தைப் பற்றி. நோய்ப் பதிவகங்களுக்கான சட்டம் 2007இல்தான் வந்தது. அதுவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கட்டாயம் ஏதுமின்றி, மருத்துவர்களும் ஆய்வகங்களும் தாமாக அனுப்பிய தகவல்களைக் கொண்டே அந்தப் பதிவகம் வளர்ந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் ஒரு ஸ்லைடு, அதைச் சீவிய ஒரு கை, அறிக்கையைத் தட்டச்சு செய்த இன்னொரு கை. படத்தில் பேராசிரியர் ஒருவர்தான் இருக்கிறார். அந்தக் கைகளின் பெயர்களைத் தேட நான் புறப்பட்டால் பழைய வருகைப் பதிவேடுகள்கூடக் கிடைக்குமா என்பது ஐயமே.

2020இல் கோவிட் ஊரடங்கான கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்துக்குப் பிறகு நிகழ்ச்சியைக் கணினித் திரையில் நடத்தினோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டிலிருந்தவர்கள் திரையில் கைதட்டினார்கள், ஆய்வகத்தார் இரண்டு குழுக்களாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

நேரில் கூடும் காலம் திரும்பியதும், நேரத்தைக் காலை பத்தேகாலுக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்துக்குள் காலைச் சீவல் வேலையின் பெரும்பகுதி முடிந்து, ஸ்லைடுகள் நிறமேற்றும் எந்திரத்துக்குள் போயிருக்கும். மாலைப் பணிக்கு வருகிறவர்களில் சிலரும் முன்கூட்டி வரச் சம்மதித்தார்கள். மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள், அது அவர்கள் ஸ்லைடு பார்க்கும் நேரம். ஸ்லைடு வெளியே வந்தால்தானே பார்ப்பீர்கள் என்று துறைத்தலைவர் கேட்டதும் பேச்சு அடங்கியது. ஆய்வகத்துக்குள் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி இல்லை என்பதால், அதை ஒட்டியிருக்கும் கருத்தரங்கு அறையில் பீஹூன் என்னும் அரிசிச் சேமியாவும் கறிபாப்பும் கோப்பியும் வைத்தோம்.

முதல் பத்தேகால் நிகழ்ச்சியில் மூன்றாவது பெயரைப் படித்துக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. அறுவை அறையிலிருந்து உறைதிசு ஒன்று வருகிறது. நோயாளி மயக்கத்தில் கிடக்க, அறுவை மருத்துவர் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருப்பார். அண்ணனும் இன்னொருவரும் ஒரு மருத்துவரும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மைனஸ் இருபது டிகிரிப் பெட்டிக்குள் திசுவை உறையவைத்துச் சீவி, நிறமேற்றி, பார்த்துச் சொல்ல இருபது நிமிடம். துறைத்தலைவர் தாளை மடித்து வைத்துவிட்டு, அவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்தார். பேச்சுக்குப் பதில் கோப்பி ஓடியது. அவர்கள் திரும்பி வந்தபோது எதற்கென்று தெரியாமலே அறை கைதட்டியது. எதற்குத் தட்டுகிறீர்கள் என்று அண்ணன் கேட்டதற்கு யாரிடமும் உடனே பதில் இல்லை.

அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். இரண்டு சட்டங்களும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். தந்தை பெயர் போட்டதைத் தந்தையின் படத்துக்குக் கீழேயே மாட்டியிருக்கிறார், படத்துக்குப் போட்ட பூச்சரத்தின் நுனி சட்டத்தின் மேல் விழுந்திருந்தது.

இந்த ஆண்டு நிகழ்ச்சியை நவம்பர் இரண்டாம் புதன்கிழமை, உலக நோய்க்குறியியல் நாளன்று வைத்திருக்கிறோம். பீஹூன் ஆறு தட்டு, அதில் இரண்டு சைவம். தொலைபேசிக்கு அருகில் இருக்கும் மூன்று நாற்காலிகள் அன்றைய உறைதிசுக் குழுவுக்கு. அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு சான்றிதழையும் உரியவரிடமே காட்டி, பெயர் சரிதான் என்று கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒருவர் மட்டும் இன்னும் பாக்கி, அவர் காலை ஆறரைக்கு வந்துவிடுவாராம், நான்தான் நேரத்தோடு போக வேண்டும்.