பால்மரக் கட்டையும் ஹெப்வொர்த்தின் துளையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மறுநடவு என்றால் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், சாயும், அந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை ஏறும். நேரான அடிமரங்கள் லோரியில் பலகை ஆலைக்குப் போய்விடும். கோணல், கவை, கத்தி வடு உள்ள கட்டைகள் வரப்போரம் கிடந்து உளுத்துப்போகும். மரம் செதுக்க ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டைகளே நல்ல மூலப்பொருள் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பால்மரம் பொல்லாத மரம். அதை எப்படிக் கையாள்வது என்பதற்கு நான் காட்டும் ஆசான் பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்.

1903-இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நகரில் பிறந்தவர். லீட்ஸ் கலைப்பள்ளியிலும் லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் படித்தார். 1924-இல் இத்தாலிக்குப் போனவர், ரோமில் ஜியோவான்னி ஆர்தினி என்ற கைவினைஞரிடம் பளிங்கு செதுக்கக் கற்றார். அந்நாளில் பல சிற்பிகள் களிமண்ணில் மாதிரி செய்து கொடுப்பதோடு சரி. அதை அளந்து கல்லில் ஏற்றுவது வேறு கைகள். ஹெப்வொர்த்தும் அவர் காலத்து இளைஞர் சிலரும் அந்த வழக்கத்தை விட்டார்கள். கல்லின் இறுக்கம், மரத்தின் நாரோட்டம் இவற்றைக் கையால் உணர்ந்துதான் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

1930களின் தொடக்கத்தில் அலபாஸ்டர் என்ற மென்கல்லில் ஒரு வடிவம் செதுக்கி, அதன் நடுவே துளையிட்டார். அந்தச் சிற்பம் போரில் அழிந்துவிட்டது, படம்தான் மிச்சம். சிற்பத்துக்குள் வெளியும் ஒளியும் புகுந்து போகலாம் என்று காட்டிய துளை அது. 1934-இல் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் கழுத்தளவு இருந்தபோதும் உளியை அவர் கீழே வைக்கவில்லை. 1939-இல் குடும்பத்தோடு கார்ன்வால் கடற்கரையின் செயின்ட் ஐவ்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1946-இல் எல்ம் மரத்தில் அவர் செய்த 'பெலகோஸ்' ஒரு குடாவின் இரு கரைகள் வளைந்து நெருங்குவது போன்ற வடிவம். உட்புறம் வெளிர்நிறப் பூச்சு, இரு முனைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டிய நூல்கள்.

1953-இல் அவருடைய மூத்த மகன் பால், பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தபோது, நமக்கு வடக்கே தாய்லாந்தில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு ஹெப்வொர்த் கிரீஸுக்குப் பயணம் போனார். திரும்பி வந்தபின் நைஜீரியாவிலிருந்து குவாரியா என்ற மணமுள்ள வன்மரம் அவருக்காக வந்து சேர்ந்தது, மொத்தம் 17 டன். ஒவ்வொன்றும் கட்டையாகவே இருந்த பெரிய அடிமரம். அதிலிருந்து பிறந்தவைதாம் 'கொரிந்தோஸ்' முதலான கிரேக்கப் பெயர்கொண்ட சிற்பங்கள். 'கொரிந்தோஸ்' ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். வெளிப்புறம் பழுப்பு நிறத்தில் மெருகேறியிருக்கும். உள்ளே சுருண்டு ஓடும் குகையில் உளித்தடம் அப்படியே விடப்பட்டு, மேலே வெள்ளை பூசியிருக்கும். 1950களின் நடுவில் உலோகத்துக்கும் வந்தார். நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தின் முன் 1964-இல் நிறுவப்பட்ட, 6.4 மீட்டர் உயர வெண்கலச் சிற்பம் அவருடையதுதான். எனக்கு அதைவிட அந்தக் குவாரியா மரங்களே பெரிது, ஏனென்றால் வெப்பநாட்டு மரத்தைச் செதுக்குகிறவனுக்கு அவற்றில்தான் பாடம் இருக்கிறது.

பலரும் அந்தத் துளையை அழகாக மட்டும் பார்க்கிறார்கள். மரத்தின் பக்கமிருந்து பாருங்கள். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றளவு இறுகப் பார்க்கும், உள்ளே இருக்கும் கட்டை விடாது. அந்த இழுபறியில் வெளிப்புறத்திலிருந்து நடு நெட்டி வரை, அதாவது மரத்தின் மையத்தில் ஓடும் மென்தண்டு வரை, வெடிக்கும். முழுக்கட்டையில் செய்த பொம்மைகள் முகத்தில் பிளப்பது இதனால்தான். உள்ளே குடைந்துவிட்டால் சுவர் சுருங்க இடம் கிடைக்கிறது, ஈரமும் இரு பக்கமும் வெளியேறுகிறது. வெடிப்பு அடியோடு போய்விடாது, வெகுவாகக் குறையும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிற்பத்தின் நடுவே குறுக்காகப் போட்ட துளை நெட்டியை முழுதும் எடுப்பதில்லை. அதற்கு மேலும் கீழும் நெட்டி அப்படியே இருக்கும், வெடிப்பு அங்கே தொடங்கும். ஆகவே அடிப்பாகத்திலிருந்து நெட்டி வழியே 30 மில்லிமீட்டர் துரப்பணத்தால் மேல்நோக்கித் துளைத்து, குறுக்குத் துளையோடு இணைத்துவிடுங்கள். நிற்கும் சிற்பத்தில் அது வெளியே தெரியாது.

இனிப் பால்மரம். 25, 30 ஆண்டு பால் வெட்டிய மரத்தில் மாவும் சர்க்கரையும் நிறைய. அதனால்தான் வெட்டிய ஓரிரு நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறி, கட்டை சாம்பல் நீலமாகிவிடும். பின்னாலேயே துளைவண்டு வரும். தேக்கு, செங்கால் என்ற நம் காட்டு வன்மரம் மாதிரி நடுவைரத்தை நம்பி இதைப் போட்டுவைக்க முடியாது. சாய்த்த அன்றே தூக்கிவந்து, வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகோ வெள்ளைப் பசையோ தடவுங்கள். வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும். அங்கே அடைக்காவிட்டால் மறுநாளே கீறல் தெரியும். பால் வெட்டும் பகுதி பொதுவாக நிலத்திலிருந்து ஒன்றரை மீட்டர் வரை. கத்தி ஆழமாய்ப் பட்ட இடங்களில் நார் முறுக்கிக்கொண்டு உளியைத் தட்டிவிடும். முதல் சிற்பத்துக்கு அதற்கு மேலுள்ள கட்டையை எடுங்கள்.

பச்சையாக இருக்கும்போதே குடைய வேண்டும். காய்ந்தபின் குடையலாம் என்று வைத்தால் அதற்குள் வெடித்திருக்கும். 25 மில்லிமீட்டர் துரப்பணத்தை இரு பக்கமிருந்தும் செலுத்தி நடுவில் சந்திக்க வையுங்கள். ஒரே பக்கமிருந்து போனால் வெளிவரும் இடத்தில் மரம் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு குழி உளியும் கொட்டாப்புளியும். சுவர் எங்கும் ஒரே கனமாக, நான்கு சென்டிமீட்டர் அளவில் நிற்கட்டும். ஓரிடம் எட்டும் மற்றோரிடம் மூன்றும் என்றால் மெல்லிய பக்கம் முந்திக் காய்ந்து கோணும். உளியில் பால் பிசுபிசுத்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். சில இடங்களில் மரம் எவ்வளவு தீட்டிய உளிக்கும் பஞ்சுபோல் பிசிறும். சாய்ந்து வளர்ந்த மரத்தின் இழுவிசை நார் அது. உளியை மறுபடி தீட்டி, மெல்லிய சீவலாக நாரோட்டத்துக்குக் குறுக்கே எடுங்கள், அழுத்திப் பயனில்லை.

குடைந்த கையோடு மருந்து. 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 400 கிராம் போரிக் அமிலம். கையுறை போட்டுக்கொண்டு நன்றாகக் கரைத்து, முழுக முடியுமானால் முக்கிவையுங்கள், இல்லாவிட்டால் பலமுறை தடவி பிளாஸ்டிக்கில் சுற்றிவையுங்கள். மரத்தில் ஈரம் இருந்தால்தான் மருந்து உள்ளே பரவும். பிள்ளைகள் கைபடாத இடம் வேண்டும். மழையில் இந்த மருந்து கரைந்து வெளியேறிவிடும், ஆகையால் பால்மரச் சிற்பம் கோயில் வாசலுக்கோ தோட்டத்துக்கோ ஆகாது, கூரைக்குக் கீழ்தான்.

பிறகு நிழலில், காற்று மெதுவாகப் போகும் இடத்தில் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறியுங்கள். எடை குறைவது நின்றபின்தான் இறுதிச் செதுக்கல். இந்த விஷயத்தில் பொறுமையில்லாதவர்கள் கல்லுக்குப் போய்விடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரப்பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் சீவி, பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் உயிர்ப்படலத்தைத் தொடாமல் நிறுத்தும் கை நம் தோட்டத்துப் பெண்களுக்கு உண்டு. பல தலைமுறையாக விடியற்காலையில் பழகிய கை அது. கத்தி தீட்டுவதில் அவர்களிடம் கற்காமல் உளி பிடிக்க வருவது வீண். பால் வெட்டும் கத்தியின் கோண முனையைக் கொண்டே குகையின் உட்சுவரில் வரித்தடம் போடலாம். ஹெப்வொர்த் விட்டதுபோல் அதைத் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். வெளிப்புறத்தை மட்டும் 120-இல் தொடங்கி 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று தடவை ஏற்றினால் பால்மரத்தின் இளமஞ்சள் நிறம் எழும். உள்ளே வெள்ளை பூசுவதானால் எண்ணெய் படுமுன் பூச வேண்டும், எண்ணெய் பட்ட இடத்தில் நீர்ப்பூச்சு பிடிக்காது.

'பெலகோஸ்' போல நூல் கட்ட விரும்புகிறவர்கள் தூண்டில் நைலானைத் தேடிப் போவார்கள். நைலான் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். பாலியெஸ்டர் நூல் மேல். துளைகளைச் சுவரின் விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள், ஒரே நார்வரியில் வரிசையாகப் போடாமல் சற்று மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லையேல் நூலின் இழுப்பே அந்த வரியில் பிளந்துவிடும். முடித்த சிற்பம் ஈப்போவில் ஏர்கோன் போட்ட அரங்குக்குப் போவதாக இருந்தால், போர்வையில் சுற்றி அந்த அறையிலேயே வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். நம் வீட்டுக் காற்றில் மரம் 15 விழுக்காடு அளவு ஈரம் வைத்திருக்கும். ஏர்கோன் அறை அதை மேலும் இறக்கும். ஒரே நாளில் இறங்கினால் நல்ல சுவரும் வெடிக்கும்.