ஆடிக்காத்துக்கு முன்னாடி ஸ்டே கம்பியைப் பாருங்க

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) டவர் வச்சு, அதை ஸ்டே கம்பியால இழுத்துக் கட்டியிருக்கிறவங்க கவனிங்க. காத்து வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. மணிக்கு 100 கி.மீ.ல சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ, 140-ல 92 கிலோ. யாகி ஆன்டெனா பரப்பு மட்டும் பத்தாது. ரோட்டர் (ஆன்டெனாவைத் திருப்புற மோட்டார்), மாஸ்ட் (ஆன்டெனாவைத் தாங்குற குழாய்), கேபிளையும் கணக்குல சேருங்க.

நல்ல டவரையும் சாய்ச்சுடுற தப்பு, கம்பி முனையை மடக்கிப் பிடிக்கிற யு-கிளாம்பை மாத்திப் போடுறதுதான். பல்லுள்ள அடிக்கட்டை சுமை தாங்குற கம்பி மேல, வளைஞ்ச போல்ட் வெட்டுமுனை மேல. மாத்திப் போட்டா போல்ட் சுமைக்கம்பியை நசுக்கி, அந்த இடத்துலயே அறுந்துடும். முனைக்கு 3 கிளாம்பாவது வேணும். கம்பியை முறுக்கி இறுக்குற டர்ன்பக்கிள் அதிர்வுல தானா கழலும், உள்ளே கம்பி கோத்துக் கட்டுங்க.

கடலோரக் குளச்சல், முட்டம் ஆளுங்க கம்பிப் புரி இடுக்கைப் பாருங்க. செந்துரு தெரிஞ்சா மாத்திடுங்க, பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க. 2017-ல ஒக்கி புயல் வந்தது கார்த்திகையில. அதனால ஐப்பசியிலும் ஒருதடவை சோதிங்க.