கீமோ முடிந்த காய்ச்சல்

நாகர்கோவில் பக்கம் கேன்சர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கீமோ முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களிடம் தெர்மாமீட்டர் வாங்கியாச்சா என்றுதான் முதலில் கேட்பேன்.

காய்ச்சல் என்றால் நம் ஊரில் சுக்கு காப்பி, அப்புறம் பாரசிட்டமால், இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி. மற்றவர்களுக்கு அது சரி. கீமோ ஏற்றி ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் இருப்பவருக்கு ஆபத்து. பொதுவாக அந்த நாட்களில்தான் நியூட்ரோபில் என்ற வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால் கிருமியைத் தடுக்க ஆளில்லை. சீழே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்தான். அது இல்லாதபோது புண் சரியாகச் சிவக்காது, சீழ் கட்டாது, நிமோனியாகூட எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். பல பேருக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பாரசிட்டமால் மறைத்துவிடும்.

ரப்பர் வெட்டும் பெரியவர் ஒருவர் நடந்தே வந்தார். "ஒண்ணுமில்ல மக்களே, லேசா ஒரு குளிரு. பயலுக்குத்தான் பயம்" என்றார். வாயில் வைத்துப் பார்த்தால் 101.2. பிரஷர் 90/60. கீமோ ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் வைத்திருந்த போர்ட் என்ற குழாயில் ஒரு செட், கையில் ஒரு செட் என்று கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, உடனே பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்றத் தொடங்கினோம்.

"என்ன கிருமின்னே தெரியாம ஏத்துறீங்களே சிஸ்டர், ரிசல்ட் வரட்டுமே" என்றார் மகன். நியாயமான கேள்வி. ஆனால் கல்ச்சரில் கிருமி வளர்ந்து பெயர் தெரிய ஒன்றிரண்டு நாளாவது ஆகும். சூடோமோனாஸ் மாதிரி ஒன்று ரத்தத்தில் இருந்தால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும் என்கிறார்கள்.

அவருக்கு எதுவும் வளரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். காய்ச்சல் விட்டு, நியூட்ரோபிலும் ஏறிய பிறகு மருந்தை நிறுத்தினோம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சாதாரண சளிக்கும் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி, பாதியில் விடுகிறோம். அதில் பழகிப்போன கிருமிக்கு எங்கள் முதல் மருந்து கேட்பதில்லை. அடுத்த கட்ட ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனெமுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதனால் ரத்தம் எடுக்கும்போதே, இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிடுவேன். அட்டையைக் காட்டுபவர்கள் குறைவு. "வெள்ளை மாத்திரை, கொஞ்சம் பெரிசு" என்ற பதில்தான் அதிகம்.