படிவுப் பாறைத் தேர்வுத் தாள்: அடுக்குகளுக்கு நடுவிலுள்ள கோட்டைப் படியுங்கள்

ரிசல்ட் வந்த சூட்டோடு, அடுத்த பேட்ச் எம்.எஸ்சி. ஜியாலஜி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூனிட் பிரிப்பும் மதிப்பெண் பங்கீடும் உங்களுக்கே தெரியும். செடிமென்டாலஜியை (படிவுகள் உருவாகும் விதம்) ஒரு பாடமாகவும் ஸ்ட்ராட்டிகிராஃபியை (அடுக்குகளின் வரிசையும் காலமும்) இன்னொரு பாடமாகவும் படித்தால் இரண்டிலும் மதிப்பெண் போகும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற முடிச்சு கான்டாக்ட்தான்: ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தக் கோடு.

நிறம், தடிமன், மணித்துகள் அளவு, ஃபாசில் என்று அடுக்கைப் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்து நேராக இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காலம் தொலைந்ததா, கடல் ஏறியதா, ஆறு அரித்ததா என்பதெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. எந்தக் கான்டாக்ட்டைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். கூர்மையாக மாறுகிறதா, சில சென்டிமீட்டருக்குள் மெல்ல மாறுகிறதா? சமமாக இருக்கிறதா, கீழடுக்கை அரித்து இறங்கியிருக்கிறதா? கீழடுக்கின் துண்டுகள் மேலடுக்கின் அடியில் கிடக்கின்றனவா? கோட்டுக்கு மேலும் கீழும் சாய்வு ஒன்றேதானா?

ஜெர்மன் புவியியலாளர் வால்தர் 1894-இல் சொன்ன விதியை எல்லாரும் எழுதுவார்கள்: பக்கத்தில் பக்கத்தில் இருந்த சூழல்களின் படிவுகள் மேலும் கீழுமாக அடுக்கப்படும். ‘இடையில் முறிவு இல்லாத அடுக்குத் தொடரில் மட்டும்’ என்ற நிபந்தனையைத்தான் விட்டுவிடுகிறார்கள். அரிப்புத் தளம் ஒன்று நடுவில் வந்துவிட்டால், மேலே இருக்கும் ஆற்று மணற்கல்லும் கீழே இருக்கும் கடல் ஷேலும் (களிமண் படிந்து இறுகிய பாறை) ஒரே காலத்தில் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த ஒரு வரியை எழுதினால், விதியை மனப்பாடம் செய்தவரல்ல, புரிந்தவர் என்று தெரிந்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் அரியலூர்–பெரம்பலூரின் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) பாறைகளைக் கான்டாக்ட் வழியாகவே படியுங்கள். 1862-இல் புவியியலாளர் ப்ளான்ஃபோர்ட் பிரித்த உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று குழுக்களும், அவற்றுக்கு மேலே டேனியன் (கிரெட்டேசியஸுக்கு அடுத்த கட்டம்) வயதுள்ள நின்னியூரும் அட்டவணையாக மனதில் நிற்காது. இப்படி வைத்துக்கொண்டால் நிற்கும்: அடியில் ஆர்க்கியன் நைஸ் (மிகப் பழைய உருமாறிய பாறை) மீது நேரடியாகப் படிவு உட்கார்ந்திருக்கும் இடங்களில் நான்கன்ஃபார்மிட்டி (படிகப் பாறை அரிபட்ட பிறகு அதன்மீது படிவு), சில இடங்களில் நடுவே மேல் கோண்டுவானாவின் (இந்தக் கடல் படிவுகளுக்கு முந்தைய நிலப்படிவு) தாவரப் படிவங்கள். உத்தத்தூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே அன்கன்ஃபார்மிட்டி (காலம் விடுபட்ட இடைவெளித் தளம்). அரியலூர் குழுவுக்குள் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று ஏறும்போது கல்லங்குறிச்சியில் கிரைஃபியா சிப்பிகள் நிறைந்த கடல் சுண்ணாம்புக்கல், உச்சியில் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள். அதாவது கடல் பின்வாங்கிவிட்டது. நின்னியூரில் மறுபடியும் கடல். 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய கிரெட்டேசியஸ்–பேலியோஜீன் எல்லை இந்த நிலப்படிவுக் கட்டத்தை ஒட்டியே வருகிறது. அதனால் ஆழ்கடல் படிவில் கிடைப்பதுபோலத் தொடர்ச்சியான பதிவை இங்கே எதிர்பார்க்க முடியாது. கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் இதை வைத்துப் பதில் கட்டலாம்.

உத்தத்தூர் குழுவைச் சேர்ந்த காரை ஷேலில் நிறையப் பேர் விழும் குழி ஒன்று உண்டு. வெயிலில் பளபளக்கும் ஜிப்சத்தைப் பார்த்ததும் ‘உப்புநீர் வற்றிய லகூன்’ என்று எழுதிவிடுகிறார்கள். குனிந்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். தகடுகள் பல இடங்களில் பெட்டிங்கை (அடுக்குக் கோடுகளை) வெட்டிக்கொண்டு போகின்றன. நார்கள் விரிசலின் சுவருக்குக் குறுக்காக வளர்ந்திருக்கின்றன. அது படிந்த அடுக்கு அல்ல, பின்னால் விரிசலில் நிரம்பிய வெயின். அதே ஷேலில் பெலம்னைட்டும் அம்மோனைட்டும் கிடக்கின்றன; இரண்டும் திறந்த கடலின் உயிர்கள். லாக்கில் (அடுக்குகளை அடியிலிருந்து மேலாக வரையும் படம்) ஜிப்சத்தைத் தனி அடுக்காகப் போட்டால் தடிமனும் தப்பு, சூழலும் தப்பு.

தடிமன் கணக்கும் அப்படித்தான். சமதரையில் சாய்வுத் திசையில் அளந்த அகலம் 40 மீட்டர், சாய்வு 12 டிகிரி என்றால் உண்மைத் தடிமன் 40 × சைன் 12, அதாவது சுமார் 8.3 மீட்டர். அளந்த கோடு சாய்வுத் திசைக்கு நேராக இல்லாவிட்டால் இந்தச் சூத்திரம் செல்லாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இனி பிராக்டிக்கல்.

சல்லடைப் பகுப்பாய்வில் மாதிரியை அள்ளி எடுக்காதீர்கள். கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளைச் சேர்த்து 100 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். அரை ஃபை (துகள் அளவின் மடக்கை அளவுகோல்) இடைவெளியில் ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கச் சல்லடைத் தர எண்) 10 முதல் 230 வரை பதினொரு சல்லடை, அடியில் பேன், ஷேக்கரில் 15 நிமிடம். பிறகு நடக்கும் தவறு: சதவீதத்தை 100 கிராமுக்குக் கணக்கிடுவது. சல்லடைகளில் கிடைத்த மொத்தம் 99.2 கிராம் என்றால் அதற்குத்தான் கணக்கிட வேண்டும்; இல்லாவிட்டால் கூட்டு வளைவு 100-ஐத் தொடாது, 95-வது பெர்சன்டைல் தவறும், சார்ட்டிங் (துகள்கள் எந்த அளவுக்கு ஒரே அளவில் உள்ளன என்ற எண்) கெடும். வளைவைப் புராபபிலிட்டி தாளில் வரையுங்கள். சாதா கிராஃப் தாளில் இரு முனைகளும் படுத்துவிடும். 5-ஐயும் 95-ஐயும் நம்பிப் படிக்க முடியாது.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். வளைவில் 5 சதவீதத்தில் ஃபை 0.7, 16-இல் 1.2, 50-இல் 1.9, 84-இல் 2.7, 95-இல் 3.3. ஃபோக்–வார்டு சூத்திரப்படி சராசரி: 16, 50, 84-இன் கூட்டுத்தொகை 5.8-ஐ 3-ஆல் வகுக்க 1.93 ஃபை: நடுத்தர மணல். சார்ட்டிங் 1.5/4 + 2.6/6.6 = 0.77: மிதமான தரம்பிரிப்பு. ஸ்கியூனஸ் (வளைவு ஒரு பக்கம் இழுபடும் அளவு) பாசிட்டிவ் என்றால் பொடித்துகள் வால் நீள்கிறது என்று பொருள். ஃபை கூடினால் துகள் சிறுக்கும் என்பதை மறந்து தலைகீழாக எழுதுபவர்கள் அதிகம். எண்ணை மட்டும் வைத்து ‘கடற்கரை மணல்’, ‘ஆற்று மணல்’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஆறு கொண்டுவந்த மணலைத்தான் அலை மறுபடி புரட்டுகிறது.

தின் செக்ஷனில் (நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்லிய பாறைச் சீவல்) பெயரை முதலில் எழுதும் பழக்கத்தை விடுங்கள். மணற்கல்லில் மேட்ரிக்ஸ் (மணிகளுக்கு நடுவிலுள்ள பொடி) 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் அரினைட், மேலே என்றால் வாக்கே. இதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பாறைத்துண்டு முக்கோணத்துக்குப் போக வேண்டும். செர்ட்டை (நுண்படிகச் சிலிக்காப் பாறை) எந்த மூலையில் சேர்த்தீர்கள் என்று ரெகார்டில் ஒரு வரி எழுதுங்கள்: ஃபோக் முறையில் அது பாறைத்துண்டு, டிக்கின்சனின் முக்கோணத்தில் குவார்ட்ஸ் பக்கம். வைவாவில் இதற்குப் பதில் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. சுண்ணாம்புக்கல்லில் டன்ஹம் வகைப்பாட்டுப் பெயருக்கு ஒரே கேள்வி: துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா, சேற்றில் மிதக்கின்றனவா? தாங்கி நின்று நடுவில் சேறும் இருந்தால் பேக்ஸ்டோன், சேறே இல்லாவிட்டால் கிரெயின்ஸ்டோன்.

சிறு விஷயங்கள், வரிசை இல்லாமல்:

பாறை ‘அப்பர் கிரெட்டேசியஸ்’, காலம் ‘லேட் கிரெட்டேசியஸ்’. சீரீஸும் எப்பாக்கும் ஒன்றல்ல.

டோலமைட் மீது 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் அநேகமாக நுரைக்காது; கத்தியால் சுரண்டிப் பொடியாக்கிச் சொட்டுங்கள்.

கிராஸ் பெட்டிங்கில் (அடுக்குக்குள் சாய்ந்து கிடக்கும் உள்ளடுக்குகள்) மேல்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும், கீழ்ப்பக்கம் வளைந்து தொடும். தலைகீழான அடுக்கை இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஃப்ளூட் காஸ்டின் (நீரோட்டம் செதுக்கிய குழியின் அச்சு, அடுக்கின் அடியில் தெரியும்) புடைத்த முனை நீரோட்டம் வந்த பக்கம்.

நீரோட்டத் திசைகளுக்குச் சராசரி எடுக்கும்போது 350 டிகிரியையும் 10 டிகிரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். உண்மையான திசை நேர் வடக்கு. வெக்டர் சராசரி போடுங்கள்.

சிப்பிகள் இரு ஓடும் மூடியபடி இருக்கின்றனவா, பிரிந்து குவிப்பக்கம் மேலாகக் கவிழ்ந்திருக்கின்றனவா என்று எண்ணி எழுதுங்கள். பிரிந்து கவிழ்ந்து கிடந்தால் நீரோட்டம் புரட்டியிருக்கிறது.

லாக் வரைய பத்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். அளவுகோல் 1:50 அல்லது 1:100, அடியிலிருந்து மேலே, பொடித்துகள் இடப்பக்கம், பெருந்துகள் வலப்பக்கம். முதல் வேலையாகக் கான்டாக்ட்டுகளை மட்டும் போடுங்கள்: கூர்மையானதற்கு நேர்கோடு, அரித்ததற்கு அலைக்கோடு, மெல்ல மாறுவதற்குப் புள்ளிக்கோடு. அதன்பிறகு உள்ளே நிரப்புங்கள். நேரம் போதாமல் போனால் நிறத்தையும் குறியீட்டையும் விட்டுவிடலாம், கோடுகளை விடக்கூடாது.