விருதுநகரில் சால்னாவுக்குத் தனிக் காசு

மூன்று நாள் பயணத்தில் எங்கே தங்கினோம், எந்தப் பஸ், எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் கிளம்பும்போது சொல்லியிருந்தேன். அந்த வரிசை கிடக்கட்டும். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லி முடித்தால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

மதுரை மாட்டுத்தாவணியில் நானும் மச்சானும் ஒரு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் கண்டக்டர், "ஊருக்குள்ள போகாது சார், பைபாஸ்ல இறங்கிக்கங்க" என்றார். விருதுநகர் போகிறவர்கள் ஏறும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பைபாஸிலிருந்து கடைக்கு ஆட்டோ 150 ரூபாய். மதுரையிலிருந்து வந்த பஸ்ஸுக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்தே அவ்வளவு ஆகவில்லை. பேரம் பேசியிருக்கலாம். பசி விடவில்லை.

அப்படி என்ன கடை? விருதுநகர் எண்ணெய் பரோட்டாக் கடை. சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய வட்டக் கல்லில் எண்ணெய் குளம் மாதிரி தேங்கி நிற்கும். வீசிச் சுருட்டித் தட்டிய மாவை அதில் போட்டுப் பொரித்தெடுப்பார்கள். மேலே மொறுமொறு, உள்ளே ஏடு ஏடாக மெத்தென்று இருக்கும். எண்ணெயும் பருப்பும் மிளகாய் வத்தலும் மொத்த வியாபாரம் ஆகிற ஊர் இது. இங்கே பரோட்டா எண்ணெயில் குளிக்காமல் வேறு எங்கே குளிக்கும்?

2017இல் இதே கடைக்கு வந்திருக்கிறேன். தகரக் கூரை, ஆடுகிற பெஞ்சு, வாழை இலை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு நிமிர்வதற்குள் ஒருவர் வாளியோடு வந்து சால்னாவை ஊற்றிவிடுவார். போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், கை மேலேயே ஊற்றுவார். நீர்க்க ஓடும் சால்னா. மேலே எண்ணெய் மிதக்கும், சோம்பு வாசனை தூக்கும். கொரோனா சமயத்தில் மூடிய கடையை வேறு ஒருவர் வாங்கி, அதே பேரில் திறந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் இந்த ஊரைப் பயணத்தில் சேர்த்ததே நான்தான். மச்சான் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா தின்னலாம் என்றான். கேட்டிருக்கலாம்.

இப்போது ஏசி, கண்ணாடிக் கதவு. மெனு கார்டில் ஷவர்மா, கோபி மஞ்சூரியன், ஃப்ரைடு ரைஸ் எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்தில் பரோட்டா. முப்பத்தைந்து நிமிஷம் கழித்து வந்தது. சாயந்திரமே பொரித்து அடுக்கியதை மறுபடி எண்ணெயில் முக்கி எடுத்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஓரம் அப்பளம் மாதிரி உடைகிறது, நடுவில் வேகாத மைதா பல்லில் ஒட்டுகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சால்னா சின்னக் கிண்ணத்தில் வந்தது. கார்ன்ஃப்ளவர் பளபளப்பு, லேசாகத் தித்திப்பு வேறு. இது குருமாவுக்கும் சேராது, சால்னாவுக்கும் சேராது. ஒரு பரோட்டாவுக்கே காணவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

"எக்ஸ்ட்ரா சால்னா முப்பது ரூபா சார்."

"ஒரு கிண்ணத்துக்கா?"

"ஆமா சார்."

விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு சால்னாவுக்குக் காசு! கோபத்தில் இரண்டு கிண்ணம் சொல்லிவிட்டேன், அது என் முட்டாள்தனம்.

மட்டன் சுக்காவில் நாலு துண்டு, மீதி வெங்காயம். காடை பரவாயில்லை, பொய் சொல்லக் கூடாது. கைகழுவுகிற இடமும் சுத்தமாக இருந்தது. பில்: பரோட்டா நாலு 120, சுக்கா 280, காடை 190, சால்னா 60, தண்ணீர் பாட்டில் 20, அதற்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 703 ரூபாய் 50 காசு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது 350. மறுநாள் ஏசி ரூம் கனவு அங்கேயே கலைந்தது.

வெளியே வந்து எதிர்ப் பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கினோம். எங்கள் முகத்தைப் பார்த்தே அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

"பழைய கடைன்னு நெனச்சு வந்தீகளாக்கும்?"

"ஆமா அண்ணாச்சி. அந்த மாஸ்டர் இல்லையா?"

"அவரு அப்பவே திருப்பூர் போய்ட்டாரே. இவுக போர்டைத்தான் வாங்குனாக."

ஆளுக்கு இரண்டு பழம் தின்றுவிட்டு லாட்ஜுக்கு நடந்தோம். ஆட்டோவுக்கு இனிமேல் காசில்லை. பாதி வழியில் மச்சான் போனை எடுத்துத் திருப்பூருக்கு ராத்திரி பஸ் தேட ஆரம்பித்தான். நான் சிரிக்கவில்லை. அங்கே எந்தக் கடை என்று அண்ணாச்சியிடம் கேட்காமல் வந்துவிட்டோமே என்று திரும்பிப் போனால், பெட்டிக்கடையைச் சாத்தியிருந்தார்.