ஐரோப்பா பயணம்: நிபுணர்கள் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டோம், எதைச் சரிபார்த்தோம்

அப்பா அம்மாவை இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கூட்டிப்போவது என்று முடிவானதுமே ஆலோசனைகள் குவிய ஆரம்பித்தன. பல வருடங்களாக ஐரோப்பாவைப் பற்றியே எழுதும் வழிகாட்டி எழுத்தாளர்கள், யூடியூபர்கள், உள்ளூர் டூர் ஏஜென்ட் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இந்த மாதிரி நிபுணர்களை நம்பலாமா என்று, போய்வந்த பிறகு தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நம்பலாம். ஆனால் சொல்பவர் யாரை மனதில் வைத்துச் சொல்கிறார், எப்போது சொன்னார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

விசாவிலேயே இது தெரிந்துவிட்டது. நல்ல வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்கர்களுக்காகவோ பிரிட்டிஷ்காரர்களுக்காகவோ எழுதப்பட்டவை. அவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) தேவையில்லை என்பதால் அந்தப் பகுதியே அவற்றில் இருக்காது. "ஊர்களை முன்கூட்டியே முடிவு பண்ணாதீர்கள், மனம்போல் போங்கள்" என்பது அவர்களுக்கு அருமையான யோசனை. நமக்கோ எந்த இரவு எங்கே தங்குகிறோம் என்பதை விண்ணப்பத்தோடு காட்ட வேண்டும். நாங்கள் கேட்டுப்பார்த்த ஏஜென்ட், அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கும் வேறொரு நாட்டின் வழியாகப் போடலாம், ஓட்டல் புக்கிங்கை அப்புறம் ரத்து செய்துகொள்ளலாம் என்றார். விதி அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு இத்தாலியில்தான் இரவுகள் அதிகம், அதனால் இத்தாலி வழியாகவே போட்டோம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். இதெல்லாம் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே தெளிவாக இருக்கிறது, யாரையும் நம்பி உட்கார வேண்டியதில்லை.

அடுத்தது இத்தாலியின் சிங்குவே தெர்ரே. கடலோரப் பாறைச் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள். பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவிலிருந்து ரயில், அடுத்தடுத்த ஊருக்குச் சில நிமிடங்கள்தான். "ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்" என்று பல வீடியோக்கள் சொல்கின்றன. ரயில் நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் ஐந்தில் ஒன்றான கோர்னீலியாவில் ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. நடுவில் கிட்டத்தட்ட 380 படிகள். ஒரு சின்ன பஸ் ஓடுகிறது என்பதை அந்த வீடியோக்கள் சொல்லவில்லை. பழைய பாணியில் எழுதும் ஒரு வழிகாட்டி எழுத்தாளர் படியையும் சொல்லியிருந்தார், பஸ்ஸையும் சொல்லியிருந்தார், முழங்கால் வலி உள்ளவர்கள் சமதரை அதிகமுள்ள மொந்தெரோஸோவில் தங்குங்கள் என்றும் எழுதியிருந்தார். நாங்கள் அங்கேதான் தங்கினோம். அம்மா தினமும் சாயங்காலம் கடற்கரையில் தனியாகவே நடந்துவிட்டு வருவார். அந்த ஒரு யோசனைக்காகவே அந்த எழுத்தாளருக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் அதே எழுத்தாளர், அந்த ஐந்தில் ரியோமஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவிலுள்ள வியா டெல்லாமோரே என்ற கடலோர நடைபாதை மூடியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். 2012இல் பாறை சரிந்து மூடிய பாதை அது. 2024இல் திறந்துவிட்டார்கள், இப்போது நேரம் குறித்து டிக்கெட் வாங்க வேண்டும். அவர் எழுதிய காலத்தில் அவர் சொன்னது சரி. ஊரின் மேடு பள்ளம் மாறாது, கதவு திறக்கும் நேரமும் கட்டணமும் மாறும். அதனால் முதல் வகைக்கு நிபுணர், இரண்டாவதற்கு அந்தந்த இடத்தின் தளம் என்று பிரித்துக்கொண்டேன்.

சுவிட்சர்லாந்தில் காசு பற்றிய கேள்விதான் பெரிது. ரயிலிலேயே ஏறிப் பனியைப் பார்க்கும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம், டிக்கெட் விலை அதிகம். நாடு முழுக்க ரயில், பஸ், படகில் போகும் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்றார் ஏஜென்ட். அடங்காது. அந்தப் பாஸ் வழியிலுள்ள கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைக்கும்தான்; அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரும் ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் யுங்ஃப்ராவ்யோக் வரை பாதி விலை. நாம் எத்தனை மலை ஏறப்போகிறோம், எத்தனை நீண்ட ரயில் பயணம் செய்யப்போகிறோம் என்று பட்டியல் போட்டுக் கூட்டிப் பார்த்தால்தான் எது லாபம் என்று தெரியும். எங்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்டு சரியாக வந்தது. விற்பவருக்குக் கமிஷன் வரும் இடத்தில் கணக்கை நாமே போடுவதுதான் நல்லது.

"காலையில் எழுந்து மலையின் நேரடி வெப்கேமைப் பாருங்கள், மேகம் மூடியிருந்தால் போகாதீர்கள்" என்று வழிகாட்டி எழுத்தாளர்கள் பலரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இதை அப்படியே கடைப்பிடித்தோம். மேகம் மூடிய நாளில் லாட்டர்ப்ருனென் பள்ளத்தாக்கில் இருக்கும் ட்ரும்மெல்பாக் அருவிக்குப் போனோம். மலைக்குள்ளேயே விழும் அருவி, மேகம் இருந்தால் என்ன? பாதி தூரம் லிஃப்ட்டும் உண்டு. மறுநாள் வானம் தெளிந்ததும் மேலே போனோம். அப்பா பனியைப் பார்த்து நின்ற நிற்பு இருக்கிறதே!

சாப்பாட்டில்தான் எந்த நிபுணரும் எங்களுக்கு முழுதாக உதவவில்லை. இத்தாலி சைவர்களுக்குச் சொர்க்கம் என்கிறார்கள். அவர்கள் கணக்கில் சீஸ் சைவம். பார்மிஜானோ சீஸ் செய்யப் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள், அந்தச் சீஸ்தான் பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸிலும் போகிறது. அம்மாவுக்கு இது முக்கியம், அதனால் போகும் முன்பே தேடிக் குறித்து வைத்தேன். சிங்குவே தெர்ரே இருக்கும் லிகூரியா பகுதியில் ஃபரினாத்தா கிடைக்கும்; கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு அவ்வளவுதான், நம் அடை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். பிட்ஸா மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரெகானோ மட்டும், சீஸே போடமாட்டார்கள். மேலே சீஸ் தூவித் தரும் மற்ற உணவுகளை ஆர்டர் செய்யும்போது "சென்ஸா ஃபொர்மாஜோ" (சீஸ் இல்லாமல்) என்று சொல்லுங்கள். சூப் கேட்கும்போது மட்டும் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள்.